மலைப் பிள்ளைக்கு வழித்துணை: சேலத்திலிருந்து ஏறுகிறவர்களுக்கு

ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள ஊர்களில் ஒரு பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டுவிடாமல் கூட நிற்கும் வழித்துணையாக இருக்க விரும்புகிறேன் என்று சேலத்துக்காரர் யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உங்களால் வர முடியுமா? பெரும்பாலானவர்கள் மே மாதத்தைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். கீழே வெயில் கொளுத்தும், மேலே இதமாக இருக்கும், கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். அந்த மாதத்தில் பிள்ளைக்கு உங்களால் ஆக வேண்டியது கொஞ்சம்தான். காப்பிப் பழம் சிவக்கும் மாதங்களில்தான் வகுப்பறையின் பின்வரிசை காலியாகிறது.

நான் இந்த மலைப்பாதையில் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியரும் இல்லை, சமூகப்பணி படித்தவனும் இல்லை. ஆனால் ஒரு நடத்துநருக்குத் தெரிவது தலைமையாசிரியருக்குக்கூடத் தெரியாது. இலவசப் பயண அட்டையைக் காட்டிக்கொண்டு காலை வண்டியில் ஏறும் பையன் தீபாவளி கழிந்ததும் காணாமல் போவான். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் தோளில் பையோடு, பக்கத்தில் வேலைக்கு ஆள் பிடிக்கும் ஒரு மேஸ்திரியோடு, சேலத்துக்கு முழு டிக்கெட் எடுத்து இறங்குவான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான். பணிக்காலத்தில் பார்த்துக்கொண்டிருந்ததற்கு ஓய்வுக்குப் பிறகு ஏதாவது செய்யலாம் என்று சிலராகச் சேர்ந்து ஒரு குழுவாகத் தொடங்கினோம். அதில் கண்டு தெளிந்ததைத்தான் எழுதுகிறேன்.

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள். தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரில் மூத்தவர் இந்த மலையிலும் மற்றவர்கள் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 8 லட்சம் பேர். அவர்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மலையாளிகள். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம் இதுதான். போகிறவர்கள் இந்த அளவாவது தெரிந்துகொண்டு போக வேண்டும். கேரளத்தாரா என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவைத்த அன்பர் ஒருவர் உண்டு. அந்த ஊரில் அவருக்குக் கிடைத்த தேநீர் அதோடு சரி.

ஆபத்து எந்த மாதத்தில் வருகிறது

ஆபத்தில் இருக்கும் பிள்ளை என்றதும் சிலர் முரட்டுத்தனமான, அடங்காத ஒருவனை எதிர்பார்த்து வருகிறார்கள். நீங்கள் சந்திக்கப் போவது பெரும்பாலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் அமைதியான பிள்ளையைத்தான். அவனைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நாள்காட்டியைப் பாருங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. எட்டாம் வகுப்பு வரை உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ படித்தவன் ஒன்பதாம் வகுப்புக்குத் தொலைவில் உள்ள பள்ளிக்கோ உண்டு உறைவிடப் பள்ளிக்கோ போக வேண்டியிருக்கும். அது முதல் முறிவு. அதுவரை தேர்ச்சி இல்லை என்று நிறுத்தி வைக்கும் வழக்கம் இல்லாததால், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடுவான். வந்த பிறகுதான் தனக்கு எவ்வளவு தெரியவில்லை என்பது அவனுக்கே தெரியும். நவம்பரில் அறுவடை தொடங்கினால் வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் தேவைப்படும். அதன் வால் பிடித்து மிளகு வரும். சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிக்கிற பையனுக்குக் கேரளத்திலும் குடகிலும் வேலை உண்டு. மார்ச், ஏப்ரலில் பத்தாம் வகுப்புத் தேர்வு. மூன்று மாதம் பள்ளியைப் பார்க்காதவன் அதற்கு எப்படிப் போவான்? போகாமல் இருப்பதற்கு அவனுக்கு வெட்கமே போதுமான காரணம்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த நாள்காட்டியில் இன்னொரு வரி இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் பெண் கேட்டு வருவார்கள். அல்லது நூற்பாலையில் விடுதி, சாப்பாடு, சில ஆண்டுகள் கழித்து மொத்தமாகப் பணம் என்று தரகர் வருவார். கொங்கு நாட்டில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்துவந்த ஏற்பாடு இப்போது அந்தப் பெயரைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆண் பிள்ளைகளை அழைத்துப் போகிற தரகர்களில் மிக மோசமானவர்கள், ஆந்திரக் காடுகளில் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கிற செம்மரக்காரர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரில் பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள். ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். சித்தேரி நமக்கு எட்டாத தூரமில்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவன், நாள் கூலியைவிடப் பல மடங்கு தருகிறார்கள், என்ன வேலை என்று அங்கே போய்ச் சொல்வார்களாம் என்று பேச்சுவாக்கில் சொன்னால், அந்தக் கூலி எந்த மாநிலத்தில் என்று மட்டும் நிதானமாகக் கேளுங்கள்.

ஏறுவதற்கு முன்

ஓர் ஆண்டுக்கு உங்களால் வாக்குக் கொடுக்க முடியாவிட்டால் வராதீர்கள். கடுமையாகத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற பழைய அமைப்பின் வழியாகத் துணை பெற்ற பிள்ளைகளை ஆராய்ந்து, ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் துணை நீடித்த பிள்ளைகள்தான் நன்றாகப் பயன் பெற்றார்கள். மூன்று மாதத்துக்குள் துணை விட்டுப்போன பிள்ளைகளுக்கோ தங்களைப் பற்றிய மதிப்பே முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அதாவது, பாதியில் விடுகிறவர் வராமலே இருந்திருந்தால் பிள்ளை நன்றாக இருந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே வண்டி. அதற்குமேல் ஆர்வக் கோளாறில் வாக்குக் கொடுக்க வேண்டாம். சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வண்டிகள் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்கி நிற்கும் என்பதால், முதல் வண்டியைப் பிடியுங்கள். வளைவுகள் இருபது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தனி ஆளாகக் கிளம்ப வேண்டாம். நேராகப் பிள்ளையைத் தேடியும் போக வேண்டாம். பள்ளித் தலைமையாசிரியரையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் முதலில் பார்க்க வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று ஒன்றை இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே கொண்டுபோய்க் கொடுங்கள். இதற்கு முகம் சுளிக்கிறவரை நாங்கள் சேர்ப்பதில்லை. பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டி, ஊரார் ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைநாட்டு வாங்க வேண்டும்.

பிறகு ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்க்கப் போங்கள். அவர் உங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், என்ன வேலை என்று விசாரிப்பார். உங்கள் நோக்கத்தைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் கேட்க மாட்டார். நீங்களும் அவசரப்பட்டு ஒப்பிக்க வேண்டாம். இரண்டாம் முறையும் அதே கிழமையில் போய் நின்றால், “மறுபடியும் வந்துவிட்டீர்களா?” என்பார். அது வரவேற்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளையோடு பேசுவது எப்போதும் நாலு பேர் பார்க்கிற இடத்தில்: பள்ளித் திண்ணை, வாசல், காப்பிக் களம். மூடிய அறை கூடாது. உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது. இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் பேச்சு கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே துணை. படம் எடுத்துப் போடுகிற வேலையே வேண்டாம். பதாகை பிடித்து நிற்கிற படம் அறவே வேண்டாம். தன் முகத்துக்குக் கீழே ‘பின்தங்கிய’ என்ற சொல் அச்சானதைப் பார்த்த ஒரு பெண் அதன்பின் எங்களோடு பேசவே இல்லை. அந்தப் படத்தை எடுத்தவர் வேறு ஊர்க்காரர், விலை கொடுத்தது நாங்கள்.

இன்னொன்று. பழைய துணி மூட்டை கொண்டுவராதீர்கள்.

பேச்சு தொடங்குகிற இடம்

எதிரெதிரே நாற்காலி போட்டு, “சொல் தம்பி, உன் லட்சியம் என்ன?” என்று தொடங்கினால் தலையைக் குனிந்துகொள்வான். தேர்வு அதிகாரியிடம் நிற்பதாகத்தான் அவனுக்குத் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து, கையில் வேலை இருக்கும்போதுதான் மலைப் பிள்ளை பேசும். கேழ்வரகு புடைக்கும்போது, விறகு கட்டும்போது, காப்பிப் பழம் பொறுக்கும்போது.

காப்பியையே எடுத்துக்கொள்வோம். இந்த மலையில் அது 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது. பெரிய தோட்டங்கள் ஒருபுறம், மலையாளிக் குடும்பங்களின் சிறு காடுகள் ஒருபுறம். பறித்துக் கொண்டுவந்த பழத்தைச் சாக்கின் மேல் கொட்டி, பச்சைக் காயையும் கறுத்துப்போனதையும் பொறுக்கி எடுப்பார்கள். தொட்டித் தண்ணீரில் போட்டால் நல்ல பழம் மூழ்கும், சொத்தை மிதக்கும். நீங்களும் சப்பணமிட்டு உட்கார்ந்து பொறுக்குங்கள். செடியில் பறிக்கப் போனால் முழுக்கைச் சட்டை போடுங்கள், முசுறு எறும்பு கழுத்துக்குள் இறங்கும்.

பல வாரமாக ஆம், இல்லை தவிர எதுவும் பேசாத பையன் ஒருவன் அப்படித்தான் பேசத் தொடங்கினான். ஒரு பழத்தை விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கினான். எல்லாப் பழத்திலும் தட்டையாக இரண்டு கொட்டை வழுக்கிக்கொண்டு வரும். அதில் ஒன்றுதான் வந்தது, உருண்டையாக. “இதைத் தனியாக எடுத்து வைத்தால் கூடுதல் விலை” என்றான். எப்படித் தெரியும் என்றேன். வெளியே பார்த்துத் தெரியாது, கொட்டை காய்ந்த பிறகு சல்லடையில் தெரியும் என்று விளக்கினான். நான் அதுவரை கேள்விப்படாத செய்தி. அவன் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, “ஐயா, ஐடிஐயில் பாடம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடத்துவார்களா?” என்றான். அத்தனை வாரமும் அவனுக்குள் இருந்த கேள்வி அதுதான். தமிழில் படிக்கலாம், தமிழில் தேர்வு எழுதலாம் என்றேன். மறுபடியும் பழம் பொறுக்க ஆரம்பித்துவிட்டான். நானும் அதைப் பற்றி அன்றைக்கு மேற்கொண்டு பேசவில்லை. பேசவும் கூடாது. ஒரு கேள்வி வந்த நாளிலேயே விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டுகிறவர்களிடம் பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்காது.

அறுவடைக்குப் போகாதே என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். வீட்டு வருமானத்தில் பாதி அந்த மூன்று மாதத்தில் வருகிறது என்றால் உங்கள் சொல் எடுபடாது; வீட்டாரின் பகைதான் மிஞ்சும். பேரம் பேசுங்கள். சொந்தக் காட்டில் சனி, ஞாயிறு வேலை, மற்ற நாள் பள்ளி. அல்லது காலையில் பள்ளி, மாலையில் களம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், வராத நாட்களின் பாடத்தை யாராவது ஒரு மாணவனிடம் கொடுத்தனுப்பவும் வழி செய்வார். அந்த நோட்டை மலையேற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் டிசம்பர் மாதத்தில் உங்கள் முக்கியமான பணி. வேறொருவரின் தோட்டத்தில் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையைக் கூலிக்கு வைப்பது மட்டும் சட்டப்படி குற்றம். அதில் பேரமில்லை.

சாதிச் சான்றிதழ்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மலைப் பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறவற்றில் பாதி வறுமை, பாதி காகிதம் என்பது என் கணிப்பு. வறுமையை நீங்களும் நானும் ஒழிக்கப் போவதில்லை. காகிதத்தை நிச்சயமாக முடித்துக் கொடுக்கலாம்.

மற்றச் சமூகத்தாருக்கு வட்டாட்சியரோ அவருக்குக் கீழுள்ளவரோ சாதிச் சான்று தருகிறார்கள். பழங்குடியினர் சான்று கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும். ஏற்காட்டில் வட்டாட்சியர் அலுவலகம் இருந்தாலும் கோட்டாட்சியர் சேலத்தில். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போட்டு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று விசாரணை நடந்து மேலே போகும். தந்தைக்கோ தந்தையுடன் பிறந்தவருக்கோ ஏற்கெனவே சான்று இருந்தால் வேலை எளிது. இல்லாத வீடுகளில் உறவுமுறையை நிறுவுவதற்கே காலம் ஓடிவிடும்.

எங்கே மாட்டும் என்றால், பெயரில். குடும்ப அட்டையில் தகப்பன் பெயர் சின்னசாமி என்றிருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் சின்னச்சாமி. ஆதாரில் ஆங்கில எழுத்தில் மூன்றாவது ஒரு விதம். வீட்டில் யாருக்கும் அது மூன்று பேர் என்று தோன்றாது, அலுவலகத்துக்குத் தோன்றும். எனவே விண்ணப்பிப்பதற்கு முன் ஒருநாள் வீட்டிலுள்ள எல்லாக் காகிதங்களையும் பாயில் பரப்புங்கள். பெரும்பாலும் அவை ஒரு நெகிழிப் பையில், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, மாற்றுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், உறவினர் சான்று. ஒவ்வொன்றிலும் பெயர், தகப்பன் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி எப்படி இருக்கின்றன என்று ஒரு தாளில் நேர்நேராக எழுதுங்கள். எது மாறுபடுகிறதோ அதை முதலில் திருத்துங்கள். திருத்தம் முடிந்த பிறகே விண்ணப்பம். அவசரப்பட்டுப் போட்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடியும் ஒரு நாள் கூலி போகும்.

இதைத் தொடங்க வேண்டிய காலம் ஒன்பதாம் வகுப்பு ஜூன் மாதம். பத்தாம் வகுப்பு முடிவு வந்த பிறகு மே மாதத்தில் ஓடுகிறவர்களின் வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அலுவலகத்துக்குத் தகப்பனாரோ தாயாரோ போக வேண்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். அவரை ஒதுக்கிவிட்டு மேசைக்கு முன்னால் போய் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்காதீர்கள். உங்களுக்கு மரியாதை கிடைக்கும், காரியமும் அன்றைக்கு நடக்கும். ஆனால் மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த முறை தன் தகப்பனை அழைத்துப் போக அவனுக்குத் தோன்றாது. எந்த மேசை, என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று பேருந்திலேயே அவரிடம் பேசிக்கொண்டு போங்கள். ஒப்புகைச் சீட்டின் விண்ணப்ப எண்ணைப் பிள்ளையைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

சான்று கைக்கு வந்தால் பின்னால் வருகிறவை எளிது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான கல்வி உதவித்தொகை உண்டு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். ஐடிஐ, பாலிடெக்னிக் படிப்பவர்களுக்கும் உண்டு. வீட்டில் இதை முதலில் தாயிடம் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பில் தவறியவனுக்கு

முடிவு வெளியான அன்று மலைக்குப் போய்விடுங்கள். வேறு எந்த நாள் தவறினாலும் இந்த நாள் தவறக் கூடாது. தேர்ச்சி பெற்றவனுக்கு வாழ்த்துச் சொல்ல ஊரே இருக்கிறது. தவறியவனைத் தேடி அன்று மாலையே வருகிறவர் தரகர் ஒருவர்தான். அவருக்கு முன்னால் நீங்கள் போய்ச் சேருங்கள். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வரும், தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்பது பல வீடுகளுக்கு இன்றும் தெரியாது. ஓராண்டு வீண் என்று நினைத்துவிடுகிறார்கள்.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே சேரக்கூடிய தொழிற்பிரிவுகள் ஐடிஐயில் உள்ளன: வெல்டர், வயர்மேன் போன்றவை. மலையிலிருந்து இறங்கும் பேருந்து சேலத்துக்குள் நுழையும் முன்பே கோரிமேட்டில் அரசு ஐடிஐ வந்துவிடும். அரசு மகளிர் கலைக் கல்லூரியும் கோரிமேட்டில்தான். ஒருநாள் பிள்ளையையும் பெற்றோரையும் பேருந்தில் அழைத்துவந்து, வாசல் வழியாக உள்ளே போய், பட்டறையின் சத்தத்தைக் கேட்கவைத்துத் திரும்புங்கள். விண்ணப்பக் காலத்துக்கு முந்தைய மாதம் இதற்கு ஏற்றது. தினமும் தாண்டிப் போன கட்டடத்துக்குள் தன்னைப் போன்றவர்கள் நீலச் சட்டையோடு நிற்பதைப் பார்த்தவனிடம் அதற்குமேல் நான் எதையும் விளக்கியதில்லை.

எல்லாரையும் கீழே இறக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. சிலர் மேலேயே இருக்க விரும்புவார்கள், அதற்கும் வழி உண்டு. ஏற்காட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காப்பி வாரியத்தின் அலுவலகம் இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. காட்டில் மரத்தின் மேல் பார்த்துப் பழகிய செடியைத் தொட்டியில் வைத்துப் பெயர்ப்பலகை மாட்டியிருப்பதைக் காட்டினால், “இது எங்கள் ஓடை ஓரம் நிறைய இருக்கிறதே!” என்பான். அங்கே வேலை செய்பவரிடம் அவனை அறிமுகம் செய்யுங்கள். குடும்ப நிலத்துக்கு 2006 வன உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்திருக்கிறார்களா என்றும் கேட்டுவையுங்கள். நிலத்தை நம்பி நிற்கப் போகிறவனுக்கு அதுவும் ஒரு சான்றிதழ்தான்.

முன்பணமும் மற்ற அவசரங்களும்

பிள்ளைக்கோ வீட்டுக்கோ ரொக்கமாகக் கடன் கொடுக்காதீர்கள். நீங்களும் இன்னொரு மேஸ்திரி ஆகிவிடுவீர்கள். தேர்வுக் கட்டணம், பேருந்துக் கட்டணம், செருப்பு போன்றவற்றைக் குழுவின் பெயரில் வாங்கிக் கொடுக்கலாம்.

மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிவிட்டோம், அதனால் பையன் போயே தீர வேண்டும் என்று வீட்டில் சொன்னால், 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நினைவில் வையுங்கள். முன்பணத்துக்காக ஆளைக் கட்டிவைப்பது செல்லாது. அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமையும் இல்லை. கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் மேஸ்திரியோடு தெருவில் நின்று சண்டை போட வேண்டாம். அவர் அதே ஊர்க்காரராக, பிள்ளையின் மாமனாக இருக்க வாய்ப்புண்டு. நீங்கள் மாலை வண்டியில் இறங்கிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும்.

பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குத் திருமணப் பேச்சு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் அதைத் தடுக்கும் அதிகாரி. கூடவே அந்தத் தாயிடம் பேச ஊர்ப் பெண் ஒருவரைத் தேடுங்கள். அழைப்பு திருமணத்தை நிறுத்தும். அதற்குப் பிறகு அந்தப் பெண் அதே வீட்டில் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் அந்த ஊர்ப் பெண்.

பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தால், போக்சோ சட்டம் 2012இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். எனவே எந்தப் பிள்ளையிடமும் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். “உனக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும், மற்றதெல்லாம் நமக்குள்” என்று முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். பேச்சில் சாவைப் பற்றிய சொல் வந்தால் கடந்து போகாதீர்கள். நேராகக் கேளுங்கள், பக்கத்தில் இருங்கள், 14416 என்ற மனநல உதவி எண்ணை உங்கள் கைப்பேசியிலிருந்தே அழைத்துக் கொடுங்கள். மேலே எல்லா ஊரிலும் அலைவரிசை கிடைக்காது. எந்த மேட்டில் ஏறினால் கிடைக்கும் என்பதை முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

நம்மைவிடப் பொருத்தமானவர்கள்

ஆஸ்திரேலியாவில் ஜாக் மேனிங் பேங்க்ராஃப்ட் என்ற தொல்குடி இளைஞர் சிட்னி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 2005இல், பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேரைத் தொல்குடிப் பள்ளிப் பிள்ளைகள் 25 பேரோடு இணைத்து ஒரு முயற்சியைத் தொடங்கினார். பெரிய அமைப்பாக வளர்ந்தது. அதைப் படித்தபோது எனக்குப் பிடித்தது, துணைக்கு வந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே வயது இடைவெளி கொஞ்சமே என்பதுதான்.

நம் ஊரிலும் அதுவே முறை. செம்மநத்தத்திலிருந்தோ மாரமங்கலத்திலிருந்தோ இறங்கிவந்து சேலம் அரசுக் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒருவன், ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு என்னைவிட நூறு மடங்கு பயன்படுவான். விடுதியில் முதல் வாரம் எப்படி இருந்தது, உன் பேச்சைக் கேட்டுச் சிரித்தவனை எப்படிச் சமாளித்தாய், வீட்டு நினைவு வந்தால் என்ன செய்தாய் என்ற கேள்விகளுக்கு என்னிடம் விடை கிடையாது. அவன் அந்தப் பையனுக்கு அண்ணன். நான் எப்போதும் கண்டக்டர் ஐயாதான். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடியுங்கள், அவர்கள் ஊருக்குப் போகும் பேருந்துச் செலவையும் சாப்பாட்டையும் குழு ஏற்கட்டும். அவர்கள் தேர்வு மாதத்தில் வேலை வாங்காதீர்கள். அலுவலக வாசலில் காத்து நிற்பது, தொலைபேசியில் நச்சரிப்பது, படிவத்தின் நகல் எடுப்பது ஆகிய சலிப்பான வேலைகள் நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு. நேரம் நம்மிடம்தான் இருக்கிறது.

ஓராண்டு முடிந்து நீங்கள் விலக வேண்டியிருந்தால், இரண்டு மாதம் முன்னதாகவே பிள்ளையிடம் நேரில் சொல்லுங்கள். அடுத்து வருகிறவரை உங்களோடு இரண்டு முறை அழைத்துப் போங்கள். ஊர்க்கவுண்டர் திண்ணையிலும் அவரை உட்காரவையுங்கள். கோப்பு ஒன்று வைத்திருந்தீர்கள் அல்லவா: சான்றிதழ் நகல்கள், விண்ணப்ப எண்கள், வங்கிக் கணக்கு விவரம், உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள். அதைப் புதியவரிடம் கொடுக்க வேண்டாம். பிள்ளையின் கையில் கொடுங்கள். புதியவர் தமக்கு வேண்டியதை அவனிடம் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.